பழைய நுண்ணளவுக் கருவிகள்: பார்த்து வாங்குவதும் பேணுவதும்

பேட்டரியும் மின்திரையும் வருவதற்கு முன்பு செய்யப்பட்ட மைக்ரோமீட்டர், வெர்னியர் காலிப்பர், டயல் கேஜ் (முள் சுழன்று அளவைக் காட்டுவது), ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக்குச் செய்த எஃகுக் கட்டை) போன்ற கருவிகள் தேயும், துருப்பிடிக்கும், கீழே விழுந்தால் வளையும். இந்த மூன்றும் நேராதபடி ஒருவர் பேணி வைத்திருந்தால், ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்த கருவியும் செய்த நாளில் அளந்ததைப் போலவே இன்றும் அளக்கும். அதன் துல்லியம் முழுவதும் கடினப்படுத்திய எஃகின் பரப்பிலும், அரைத்தெடுத்த திருகின் புரியிலும் அடங்கியிருக்கிறது. அதனால் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத தரமுள்ள கருவியைப் பழையதாகத் தேடி வாங்குவது நல்ல வழியே. ஆனால் வாங்குபவர் பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் அளக்கும் முகம், அடுத்து அசையும் பாகம், அதன் பிறகு கோடுகள்; தயாரித்தவர் பெயரும் மேற்பூச்சின் பளபளப்பும் கடைசியில் பார்த்தால் போதும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்வதால்தான் அழகான, அளக்கப் பயன்படாத கருவிகள் நல்ல விலைக்குப் போகின்றன. அழுக்கேறிய அருமையான கருவிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

இவை விற்பனைக்கு வரும் இடங்கள் பல: மூடப்படும் இயந்திரப் பட்டறைகளின் ஏலம், ஓய்வு பெற்ற டூல் மேக்கரின் (பட்டறைக் கருவிகள் செய்யும் தொழிலாளியின்) சொந்தப் பெட்டி, பழம்பொருள் சந்தை, பழைய இரும்புக் கடை, இணைய ஏலம். இவற்றுள் தொழிலாளியின் சொந்தப் பெட்டிக்கே நான் முதலிடம் கொடுப்பேன். தன் கைக்காசில் வாங்கிய கருவியை அவர் நாள்தோறும் துடைத்து, எண்ணெய் பூசி, உரிய உறையிலேயே வைத்திருப்பார். அதற்குரிய சிறு ஸ்பானரும், கருவியைச் சரிபார்க்க உதவும் அளவு தெரிந்த செட்டிங் கோலும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். பட்டறையின் பொதுக் கருவி அறையிலிருந்து வருபவை பல கைகள் பட்டவை. அவற்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அதே பட்டறையின் ஆய்வு அறையில் மற்றக் கருவிகளைச் சரிபார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த கருவி கிடைத்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நேரில் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் சில பொருள்களைக் கொண்டுபோவது நல்லது: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி, சிறிய டார்ச் விளக்கு, சுத்தமான வெள்ளைத் தாள், பருத்தித் துணி, அளவு தெரிந்த ஒரு பேரிங் குண்டு, முடிந்தால் ஒன்றிரண்டு ஸ்லிப் கேஜ்கள். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படங்களைக் கேட்க வேண்டும். அளக்கும் முகங்கள் மூடிய நிலையில் பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்த படம் ஒன்று. அதே முகங்கள் திறந்த நிலையில் அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று. மைக்ரோமீட்டரானால் ஸ்பிண்டிலை, அதாவது திருகோடு நகரும் தண்டை, முழுவதும் வெளியே சுற்றி, வழக்கமாக மறைந்திருக்கும் பகுதி தெரியும்படி எடுத்த படம் ஒன்று. துரு இருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் தெரிந்துவிடும். இந்தப் படங்களைத் தர மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதே மேல்.

முதலில் மைக்ரோமீட்டர். பிரான்சைச் சேர்ந்த ஜான் லாரன்ட் பால்மர் 1848-ல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய மைக்ரோமீட்டரின் மூதாதை. 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்ட ஜோசப் பிரவுனும் லூசியன் ஷார்ப்பும் அமெரிக்காவில் அதை மேம்படுத்திப் பட்டறைகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். குதிரை லாட வடிவச் சட்டம், ஒரு பக்கம் அசையாத ஆன்வில், மறுபக்கம் திருகில் நகரும் ஸ்பிண்டில் என்ற அமைப்பு அன்றுமுதல் அடிப்படையில் மாறவில்லை. மெட்ரிக் மைக்ரோமீட்டரின் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், திம்பிளில் (விரலால் சுற்றும் குழலில்) 50 பிரிவுகள் இருப்பதால் ஒரு பிரிவு 0.01 மி.மீ. ஆகும். அங்குல மைக்ரோமீட்டரின் திருகில் ஓர் அங்குலத்துக்கு 40 புரிகள், திம்பிளில் 25 பிரிவுகள். ஒரு பிரிவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையில் எடுத்தவுடன் திம்பிளின் பிரிவுகளை எண்ணிப் பார்த்தால் அது எந்த முறைக்கு உரியது என்பது தெரிந்துவிடும். மெட்ரிக் கருவி என்று நினைத்து அங்குலக் கருவியை வாங்கிவிடுவது பழைய கருவிச் சந்தையில் அடிக்கடி நடப்பதுதான்.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் முகங்களைத் துடைக்க வேண்டும். ஸ்பிண்டிலையும் ஆன்விலையும் வெள்ளைத் தாளின் மேல் மெதுவாக மூடி, தாளை வெளியே இழுத்தால் முகத்தில் ஒட்டியிருந்த எண்ணெயும் தூசும் தாளோடு வந்துவிடும். தாளில் கறை படியாத வரை இதைத் திரும்பச் செய்யலாம். ஆனால் தாளின் ஓரம் முகங்களுக்கிடையே வரும்வரை இழுத்தால் நார் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஓரம் வருவதற்கு முன்பே திருகைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு ராட்செட்டை, அதாவது ஒரே அழுத்தத்தில் மூட உதவும் முனைக் குமிழை, சுற்றி மூடி, பின்னால் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரு முகங்களுக்கிடையே சில மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தாலும் அது மெல்லிய ஒளிக்கோடாகத் தெரியும். ஒளி ஒரு பக்கத்தில் மட்டும் ஆப்பு வடிவில் தெரிந்தால், கருவி கீழே விழுந்து சட்டம் வளைந்திருக்கக்கூடும். அதை வாங்க வேண்டாம். நடுவில் மட்டும் ஒளி தெரிந்தால், முகம் குழிவாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

குழிவான தேய்மானத்தை ஸ்லிப் கேஜ் காட்டிக்கொடுக்காது. தட்டையான கேஜ் குழியின் விளிம்புகளில் தங்கிவிடுவதால் அளவு சரியாகவே வரும். இங்கேதான் பேரிங் குண்டு பயன்படுகிறது. குண்டை முகத்தின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்து அளந்து பார்த்தால், அளவுகள் ஒன்றாக வர வேண்டும். ஓரங்களில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் வந்தால் முகம் நடுவில் தேய்ந்திருக்கிறது. கார்பைடு முனை வைத்த கருவிகளில் இந்தத் தேய்மானம் அரிது. அவற்றில் விளிம்பு உடைந்து சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

அடுத்தது திருகு. முழு நீளத்துக்கும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் விரல்களுக்கு ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். ஸ்பிண்டிலை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தாலே கருவியை ஒதுக்கிவிடத் தேவையில்லை, ஏனென்றால் திம்பிளுக்கு உள்ளே இருக்கும் நட்டைச் சற்று இறுக்கினால் அது சரியாகிவிடக்கூடும். அப்படி இறுக்கிய பிறகு ஒரு பகுதியில் எளிதாகவும் மற்றொரு பகுதியில் முரட்டுத்தனமாகவும் சுற்றினால், திருகு ஏதோ ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒரே அளவுள்ள பாகத்தைப் பல ஆண்டுகள் அளந்துகொண்டிருந்த கருவிக்கு இது நேரும். இதற்கு மருந்து இல்லை.

இதற்கு மாறாக, பலர் பெரிய குறையாக நினைக்கும் சுழிப்பிழை உண்மையில் குறையே அல்ல. மூடிய நிலையில் சுழியைக் காட்டாமல் இரண்டு மூன்று பிரிவுகள் தள்ளிக் காட்டினால், பெரும்பாலான கருவிகளில் சிறு கொக்கி ஸ்பானரால் ஸ்லீவை (திம்பிளுக்கு அடியிலிருக்கும் கோடிட்ட குழலை) திருப்பிச் சில நொடிகளில் சரிசெய்துவிடலாம். விற்பவருக்கு இது தெரியாவிட்டால் அந்தக் கருவி மலிவாகக் கிடைக்கும். 25 மி.மீ.-க்கு மேற்பட்ட மைக்ரோமீட்டர்களில் மட்டும் சுழியைச் சரிபார்க்கச் செட்டிங் கோல் தேவை; அது தொலைந்துபோயிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமே.

நேரம் இருந்தால் இடைப்பட்ட அளவுகளையும் பார்க்க வேண்டும். 5, 10, 15 என முழு எண்களில் மட்டும் சோதித்தால் திம்பிள் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில்தான் நிற்கும். ஒரு சுற்றுக்குள் திருகு செய்யும் பிழை வெளிப்படாது. அதனால்தான் ஆய்வாளர்கள் 5.1, 10.3, 15.0, 20.2, 25.0 மி.மீ. போன்ற அளவுகளில் ஸ்லிப் கேஜ்களை வைத்துப் பார்க்கிறார்கள். இவற்றில் திம்பிள் பல்வேறு கோணங்களில் நிற்கிறது.

வெர்னியர் காலிப்பரைப் பற்றிப் பேசும்போது ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால்தான் பிழை குறையும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890-ல் எடுத்துக்காட்டினார். மைக்ரோமீட்டர் இதற்கு இணங்கியது. வெர்னியர் அப்படி அல்ல. அதில் பொருள் தாடையில் இருக்கிறது, கோல் தனியே மேலே ஓடுகிறது. நகரும் தாடை சிறிதளவு சாய்ந்தாலும் தாடையின் நுனியில் அளவு மாறிவிடும். எனவே ஒரே ஸ்லிப் கேஜைத் தாடையின் அடிப்பகுதியில் ஒருமுறையும் நுனியில் ஒருமுறையும் வைத்து அளந்தால் கருவியின் நிலை உடனே தெரிந்துவிடும். அளவு மாறினால் முதலில் நகரும் பாகத்தின் மேலிருக்கும் சிறு திருகுகளை இறுக்கிப் பார்க்கலாம். அப்போதும் மாறினால் தாடைகள் தேய்ந்தவை. உள்விட்டம் அளக்கும் நுனிகள் உருண்டையாக உள்ள பெரிய காலிப்பர்களில், நுனிகளின் மொத்தத் தடிமனை, பெரும்பாலும் 10 மி.மீ., அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தாடையிலேயே பொறித்திருப்பார்கள். யாராவது அந்த நுனிகளைச் சாணை பிடித்திருந்தால் பொறித்த எண் பொய்யாகிவிடும் என்பதால், அந்தத் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

பியர் வெர்னியர் 1631-ல் வெளியிட்ட அந்த எளிய துணைக்கோல் முறையின் அழகை நல்ல பழைய காலிப்பரில்தான் முழுதாக உணர முடியும். முதன்மைக்கோலின் 49 மி.மீ. நீளத்தை 50 பிரிவுகளாகப் பங்கிட்டதால் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. ஆகிறது. உருப்பெருக்கியில் கோடுகளைப் பாருங்கள்: இயந்திரத்தால் வெட்டிய கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலத்தில், கூர்மையான கரைகளோடு இருக்கும். மங்கலான மேற்பூச்சின் மேல் கறுப்பு நிரப்பிய கோடுகள் கண்ணைக் கூசாமல் வாசிக்கத் தோதானவை. சாம்பல் நிற மேட் குரோமியப் பூச்சு ஒரு கருவியில் இருப்பதை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். பட்டறை விளக்கின் கீழே நாள் முழுவதும் கோடுகளை வாசிப்பவருக்காகச் செய்தது அது.

டயல் கேஜில் பார்க்க வேண்டியது குறைவு. தண்டை மெதுவாக உயர்த்தி மெதுவாக விட்டால் முள் எங்கும் தயங்காமல் சென்று அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தண்டைச் சற்றுப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டும் இதைச் செய்து பார்க்க வேண்டும். தயங்கினால் பெரும்பாலும் காரணம், யாரோ நல்லெண்ணத்தோடு தண்டில் விட்ட எண்ணெய் பிசினாக இறுகியிருப்பதுதான். தண்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. பொருத்தும் கழுத்தின் விட்டம் மெட்ரிக் கேஜில் 8 மி.மீ., அமெரிக்கக் கேஜில் எட்டில் மூன்று அங்குலம் என்பதால், கையில் இருக்கும் தாங்கிக்குப் பொருந்துமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழக்கில் மஞ்சள் முகப்பு மெட்ரிக் கேஜைக் குறிக்கும். நெம்புகோல் வகைக் கேஜில் மட்டும் ஒரு மறைவான ஆபத்து உண்டு. அதன் முள் காட்டும் அளவு தொடுமுனையின் நீளத்தைப் பொறுத்தது. உடைந்த முனைக்குப் பதிலாக வேறு நீளமுள்ள முனையை யாராவது மாட்டியிருந்தால், கேஜ் மிக இனிமையாக வேலை செய்துகொண்டே தவறான அளவைக் காட்டும்.

ஸ்லிப் கேஜ் பெட்டி கிடைத்தால் அதைப் பார்ப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். பழைய அளவுக் கருவிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி கேஜ் செய்வதற்குப் பதிலாகச் சில கட்டைகளைச் சேர்த்தே எல்லா அளவுகளையும் உருவாக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார். அவருடைய 102 கட்டைகள் கொண்ட தொகுதியால் 1 முதல் 201 மி.மீ. வரை 0.01 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ இருபதாயிரம் அளவுகளை அமைக்க முடிந்தது. 1923-ல் அவர் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோர்டு பெயரும் யோஹான்சன் பெயரும் சேர்ந்து பொறித்த கட்டைகள் அந்தக் காலகட்டத்துக்குப் பிறகு வந்தவை. அங்குலக் கட்டைகளுக்கு அவர் தேர்ந்தெடுத்த 25.4 மி.மீ. என்ற அளவே 1959-ல் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பொது அங்குலமாக ஏற்கப்பட்டது.

இந்தக் கட்டைகளைச் சோதிக்க அவற்றின் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு கட்டைகளை நன்றாகத் துடைத்து, ஒன்றின் மேல் மற்றொன்றைக் குறுக்காக வைத்து, மென்மையாக அழுத்தியபடி சறுக்கித் திருப்பினால், அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மேல் கட்டையைத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். பற்றும் கட்டையின் பரப்பு நன்றாக இருக்கிறது. பற்றாத கட்டையை உருப்பெருக்கியில் பார்த்தால் விளிம்பில் ஒரு பிசிறோ, துருப் புள்ளியோ இருக்கும். பிசிறை இதற்கென உள்ள மென்மையான, தட்டையான கல்லில் ஒரு தடவை தேய்த்து நீக்கலாம். துரு குழி பறித்திருந்தால் அந்தக் கட்டை போய்விட்டது. பிசிறோடு இருக்கும் கட்டையை நல்ல கட்டையின் மேல் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம், நல்லதும் கெட்டுவிடும். பெட்டியில் காலியான குழிகளை எண்ணும்போது எந்த அளவு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 அல்லது 100 மி.மீ. கட்டை இல்லாவிட்டால் சமாளிக்கலாம், 1.00-க்கும் 1.01-க்கும் அருகிலுள்ள மெல்லிய கட்டைகள் இல்லாவிட்டால் தொகுதியின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

மூலைமட்டத்தையும் ரசமட்டத்தையும் சோதிக்க வேறு கருவியே வேண்டாம், திருப்பி வைத்துப் பார்த்தாலே போதும். நேரான விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு கிழித்து, அதைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மறு கோடு கிழித்தால், கோடுகள் விலகும் அளவில் பாதி கருவியின் பிழை. ரசமட்டத்தை ஒரே இடத்தில் 180 டிகிரி திருப்பி வைத்தால் குமிழி காட்டும் வேறுபாட்டில் பாதி அதன் பிழை. ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் நுண் ரசமட்டத்தில் குமிழி அடங்க நேரம் எடுக்கும். கண்ணாடிக் குழாயில் கை பட்டால் அந்தச் சூட்டிலேயே குமிழி நகரும்.

பெயர்களும் காலமும் சேகரிப்பவருக்குச் சுவையானவை. பிரவுன் அண்ட் ஷார்ப், ஸ்டாரெட், ஷெஃபீல்டின் மூர் அண்ட் ரைட், ஜெர்மனியின் மார், சுவிட்சர்லாந்தின் டெசா, ஜப்பானின் மிட்டுடோயோ ஆகிய பெயர்களை நம்பித் தேடத் தொடங்கலாம். எஃகு அளவுகோலில் டார்லிங், பிரவுன் அண்ட் ஷார்ப் என்று மூன்று பெயர்கள் இருந்தால் அது 1866-க்கும் 1892-க்கும் இடைப்பட்டது. ஸ்டாரெட் நிறுவனம் 1880-லும், மிட்டுடோயோ 1934-லும் தொடங்கியவை என்பதை அறிந்திருந்தால் விற்பவர் சொல்லும் வயதை எடைபோட முடியும். போலிகளும் உண்டு, அவை பெரும்பாலும் அண்மைக்கால மிட்டுடோயோ காலிப்பர்களின் நகல்கள். முந்தைய உரிமையாளர் பொறித்த தலைப்பெழுத்துகளைக் கண்டு விலகத் தேவையில்லை. தன் கருவி என்று அடையாளம் இட்டுக்கொண்டவர் அதைப் பேணியிருப்பார். அந்த எழுத்துகளை அழிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வாங்கி வந்ததும் பளபளப்பாக்கும் ஆசையை அடக்க வேண்டும். பஃபிங் சக்கரம் கோடுகளின் கரைகளை மழுக்கும்; உப்புத்தாள் அளக்கும் முகத்தைக் கெடுக்கும்; துரு நீக்கும் அமிலங்கள் எஃகை மங்கவைத்துக் கோடுகளை வெளிறச் செய்யும். பழைய எண்ணெயை மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியால் துடைத்து, இடுக்குகளை மரக்குச்சியால் சுரண்டி, மேலோட்டமான துருவை மெல்லிய எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டுத் துடைத்தாலே பெரும்பாலான கருவிகள் தெளிந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட மைக்ரோமீட்டர்களை ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள், ஏனென்றால் ஒரு திருகு அதனதன் நட்டோடு சேர்ந்து பழகியது. எஃகு காந்தமேறியிருந்தால் இரும்புத் துகள்கள் முகத்தில் ஒட்டும். காந்தம் நீக்கியில் ஒருமுறை கொடுத்து எடுப்பது நல்லது.

வைக்கும்போது முகங்களை மூடி வைக்காமல் ஒரு மில்லிமீட்டராவது திறந்து வைக்க வேண்டும். மூடிய முகங்களுக்கிடையே ஈரம் தங்கித் துரு பிடிக்கும். பழைய வெல்வெட் உறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்துவிடலாம். ஸ்லிப் கேஜ்களைப் பற்றிய நிலையில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது.

அளவுகளுக்கான சர்வதேச வெப்பநிலை 1931 முதல் 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 1.15 மைக்ரான் நீளும். எஃகுப் பாகத்தை எஃகுக் கருவியால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது அளந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஈடாகிவிடும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் அங்கே கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் நெடுநேரம் பிடித்திருந்தால் சட்டம் சூடேறி அளவு நகரும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு அட்டை எழுதி, எந்த அளவில் எவ்வளவு பிழை, எந்த நாளில் சோதித்தது என்பதைக் குறித்துப் பெட்டியிலேயே வையுங்கள். பிழை தெரிந்த கருவியைத் திருத்தத்தோடு பயன்படுத்தலாம். பிறருக்கு விற்கும் பாகங்களை அளப்பதற்காக வாங்கியதானால், அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்தின் சான்று கிடைக்கும் வரை அந்தக் கருவியை வேலையில் இறக்காதீர்கள்.